குமரியில் தலைமுடி யார் பேச்சைக் கேட்டது?

சலூன் நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் என்னைத் தூக்கி உட்கார வைப்பார்கள். நாகர்கோவில் பக்கம் அந்தக் காலத்தில் வளர்ந்த பையன்களுக்கு அந்தப் பலகையைத் தெரியாமல் இருக்காது. பல பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. பிடரியில் கைமெஷினின் சில்லிப்பு. பற்கள் ஒன்றோடொன்று உரசும் டிக் டிக் சத்தம். சாணை மழுங்கிய மெஷின் என்றால் முடியை வெட்டாது, பிடுங்கும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். “தலைய ஆட்டாத மக்களே” என்று சொல்லிக்கொண்டே சலூன்காரர் உச்சந்தலையை அழுத்திப் பிடித்துக்கொள்வார். எப்படி வெட்ட வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. அப்பா வாசலிலேயே சொல்லிவிடுவார்: “நல்லா ஒட்ட வெட்டுங்க அண்ணாச்சி, ரெண்டு மாசம் தாங்கணும்.”

தலையலங்காரம் மாறிய கதையைச் சொல்ல வருகிறவர்கள் சினிமா நடிகர்களை வரிசையாக அடுக்குவார்கள். பாகவதர், எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல் என்று போகும். அது தப்பில்லை. ஆனால் குமரி மாவட்டத்துக்கு அது மட்டும் போதாது. இந்தத் தலையை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லும் அதிகாரம் சாதியிடம் இருந்தது, அரசிடம் இருந்தது, சபையிடமும் பள்ளிக்கூடத்திடமும் இருந்தது, வீட்டில் அப்பாவிடமும் அம்மாவிடமும் இருந்தது. அந்த அதிகாரம் கை மாறிய போதெல்லாம் முடியும் மாறியிருக்கிறது. நடிகர்கள் வந்தது அதற்கு அப்புறம்தான்.

குடுமி எந்தப் பக்கம்?

இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர் கொச்சியோடும் இருந்தது. தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில் பேசப்பட்ட ஊர்கள் இவை. தலையிலும் அப்படித்தான். நம்பூதிரிகளும் நாயர்களும் முடியை முன்னால் கொண்டுவந்து முடிவார்கள். அது முன்குடுமி. தமிழ்ப் பிராமணர்களில் பெரும்பாலோர் முன்னந்தலையைச் சிரைத்துப் பின்னால் முடிவார்கள். அது பின்குடுமி. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்ற பழமொழியில் வரும் சோழியர்கள் தமிழ்ப் பிராமணர்களிலேயே முன்குடுமி வைத்தவர்கள். இரண்டு வகைக் குடுமியும் அடுத்தடுத்த தெருவில் நடமாடிய நிலம் இது. தூரத்தில் வருகிறவர் யார், எந்தப் பக்கம் என்பதை வாயைத் திறக்கும் முன்பே தலை சொல்லிவிடும்.

குடுமி தனியாக நிற்கவில்லை. யார் மேலாடை அணியலாம், யார் செருப்புப் போடலாம், யார் குடை பிடிக்கலாம், யார் தலைப்பாகை கட்டலாம் என்று உடம்பின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் திருவிதாங்கூரில் கட்டுப்பாடு இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் தலைக்கு வரியே கட்ட வேண்டியிருந்தது. தலைவரி என்றே அதற்குப் பெயர். தோள்சீலைக்காக 1822இல் தொடங்கிய போராட்டம் 1859இல் அரச அறிவிப்பு வரும் வரை விட்டுவிட்டு நடந்தது. மேலாடைக்கு நடந்த போராட்டத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தலைக்கு நடந்த போராட்டத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

அதைப் பார்க்க வேண்டுமானால் சாமித்தோப்புக்குப் போக வேண்டும். 1809இல் பிறந்து 1851இல் மறைந்த அய்யா வைகுண்டரின் வழியில் வந்தவர்கள், ஆண்கள் என்றால், தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வழிபடுவார்கள். மற்ற கோயில்களில் மரியாதைக்குத் துண்டை இறக்கி இடுப்பில் கட்டுகிற வழக்கத்துக்கு நேர் எதிர் இது. தலையில் துணி கட்டக்கூடாது என்று விலக்கப்பட்டவர்களை, தலை நிமிர்ந்து, கட்டிக்கொண்டே கும்பிடு என்றார் அய்யா. கருவறையில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி இருக்கும். எதிரே நிற்பவர் தன் முகத்தையும் தன் தலைப்பாகையையும் அதில் பார்க்கிறார். சலூன் கண்ணாடி இந்த ஊருக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே ஒரு கண்ணாடி சாதாரண மனிதரின் தலைக்கு மதிப்புக் கொடுத்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மறுபக்கம் மிஷனரிகளுக்கு வேறு சிக்கல். 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பிறகு லண்டன் மிஷன் இங்கே வேரூன்றியது. 1809இல் மயிலாடியில் தொடங்கிய பள்ளி 1818இல் நாகர்கோவிலுக்கு மாறி, பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. கிறிஸ்தவர் ஆனவர் குடுமியை வெட்ட வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா? தென்னகத் திருச்சபைகளுக்குள் இது பெரிய வழக்காகவே நடந்தது. பக்கத்துத் திருநெல்வேலியில் இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1867இல் இதற்காகவே தனியாக ஒரு சிறு வெளியீடு எழுதினார். குடுமி மதச் சின்னம் இல்லை, நாட்டு வழக்கம் என்பது அவர் கட்சி. வேறு சிலர் அதை ஏற்கவில்லை. ஒருவருடைய பின்னந்தலை முடி விசுவாசத்துக்கு விரோதமா என்று படித்த பெரியவர்கள் உட்கார்ந்து வாதாடியிருக்கிறார்கள்.

வாதம் எப்படி முடிந்தாலும், குடுமியை உண்மையில் எடுத்தது பள்ளிக்கூடமும் ஆபீஸும் பட்டாளமும்தான். இதில் கருவிக்கும் பங்கு உண்டு. குடுமி வைக்கச் சவரக்கத்தி போதும். முன்னந்தலையை அடிக்கடி மழிக்க வேண்டும், அவ்வளவுதான். கிராப்புக்குக் கத்தரிக்கோலும் சீப்பும் வேண்டும், படிப்படியாகக் குறைத்து வரும் கைப்பழக்கம் வேண்டும். கிராப்பு வெட்டத் தெரிந்தவரிடம் ஆட்கள் தேடிப் போனார்கள். அந்த இடத்தில்தான் பெரிய மாற்றம் நடந்தது என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல நாவிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வீட்டு முற்றத்திலிருந்து கடைக்கு

திருவிதாங்கூரில் நாவிதருக்குப் பிராணோபகாரி என்று ஒரு பெயர் இருந்தது. உயிருக்கு உபகாரம் செய்கிறவர் என்று பொருள். பிறந்த குழந்தைக்கு முதல் முடி இறக்குவதில் தொடங்கி, மாப்பிள்ளைச் சவரம், இறப்பு வீட்டுச் சடங்கு வரை அவர் இல்லாமல் நடக்காது. பல ஊர்களில் அவரே வைத்தியர், அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். முஸ்லிம் ஊர்களில் ஒசா என்று அழைக்கப்பட்டவர்கள் சுன்னத்தும் செய்தார்கள். பெயர் இவ்வளவு பெரியது. ஆனால் வீட்டுக்குள் அவருக்கு இடமில்லை. முற்றத்திலோ, கிணற்றடியிலோ, பலா மரத்து நிழலிலோதான் வேலை. நாஞ்சில் நாட்டில் கூலி பெரும்பாலும் அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. யார் தலையைத் தொடலாம், யாருடையதைத் தொடக்கூடாது என்பதையும் அவர் முடிவு செய்ய முடியாது, ஊர் முடிவு செய்தது.

கடை வந்ததும் இது தலைகீழானது. அவர் தேடிப் போகவில்லை, நாம் போய்க் காத்திருக்கிறோம். காசைக் கையில் கொடுக்கிறோம். நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்த அதே நாற்காலியில், அதே துணியைப் போர்த்திக்கொண்டு உட்காருகிறோம். எல்லா ஊரிலும் எல்லாருக்கும் இந்த நாற்காலி ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. தலித் மக்களுக்கு வெட்ட மறுத்த கடைகளைப் பற்றித் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் நம் காலத்திலேயே செய்தி வந்திருக்கிறது. ஆனாலும் பேருந்து இருக்கைக்கும் டீக்கடை பெஞ்சுக்கும் அடுத்தபடியாகச் சாதியைச் சிறிதாவது கரைத்த இடம் சலூன் நாற்காலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தினசரிப் பேப்பர் ஒன்றை நாலு பேர் நாலு தாளாகப் பிரித்துப் படித்ததும் அங்கேதான்.

கடை வந்த பிறகுதான் ஸ்டைல் என்ற சொல்லுக்கே இங்கே வேலை வந்தது. நாற்பதுகளில் எம்.கே. தியாகராஜ பாகவதரைப் போலத் தோள் வரை முடியைப் புரள விட்டதற்குப் பாகவதர் கிராப்பு என்று பெயர். அவரோடு சேர்ந்து நடித்த என்.எஸ். கிருஷ்ணன் எங்கள் ஒழுகினசேரிக்காரர். அதனால் சினிமா என்பது நாகர்கோவிலுக்கு ரொம்பத் தூரத்து விஷயமாக இருந்ததில்லை. ஐம்பது, அறுபதுகளில் எண்ணெய் தடவி, இடப்பக்கம் கோடு போட்டதுபோல் வகிடெடுத்து, முன்னால் லேசாகத் தூக்கிவிட்ட கிராப்பு. பழைய கல்யாணப் படங்களில் எல்லா மாப்பிள்ளைகளும் ஒரே மாதிரி இருப்பது அதனால்தான்.

எழுபதுகளில் முடி காதை மூடியது, கிருதா கன்னம் வரை இறங்கியது. இந்த வழக்கம் எங்களுக்கு இரண்டு வழியாக வந்தது. ஒன்று திரைப்படம். இன்னொன்று கோவளம். திருவனந்தபுரத்தை ஒட்டிய கோவளம் கடற்கரையில் நீண்ட முடியும் மணிமாலையுமாகத் திரிந்த வெள்ளைக்கார ஹிப்பிகளை இந்த மாவட்டத்து இளைஞர்கள் நேரிலேயே பார்த்தார்கள். 1970இல் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் திறந்த பிறகு கன்னியாகுமரிக்கும் வெளியூர் ஆட்கள் வரத்து கூடியது. முடி வளர்த்த பையனை ஹிப்பி என்று வீட்டில் திட்டினால், அந்தச் சொல்லுக்கு எங்களூரில் கண்ணால் கண்ட அர்த்தம் இருந்தது. சலூன்காரர்களுக்கு அது நல்ல காலமில்லை. மாதம் ஒருமுறை வந்தவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் கடை எப்படி ஓடும்?

எண்பதுகளில் ஸ்டெப் கட்டிங், ஃபங்க், தொண்ணூறுகளில் நடுவகிடு. இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு முழுக்க நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துப் பையன்கள் மலையாள நடிகர்களையும் பார்த்து வளர்ந்தார்கள். தாடியையும் மீசையையும் சேர்த்து ஒழுங்கு செய்கிற வழக்கமும், முடியை எண்ணெய்ப் பசையில்லாமல் காற்றில் விடுகிற வழக்கமும் அந்தப் பக்கம் முதலில் தெரிந்தன.

அந்தத் தொண்ணூறுகளில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றம் நடந்தது. 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு நடந்த விழிப்புணர்வுப் பிரச்சாரத்தில் சலூன் கத்திக்கு முக்கிய இடம். அதுவரை ஒரே சவரக்கத்தியைத் தோல்பட்டையில் தீட்டித் தீட்டி எல்லோருக்கும் போடுவார்கள். வெட்டுக்காயத்துக்குப் படிகாரக் கட்டி. பிறகு பாதி பிளேடைச் செருகும் கத்தி வந்தது. ஆளுக்கு ஒரு புது பிளேடு, அதையும் நம் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். “புது பிளேடா அண்ணாச்சி?” என்று கேட்கக் கூச்சப்பட்ட ஊர், கேட்கப் பழகியது. நம் உடம்புக்கு என்ன படலாம் என்று நாமே கேட்கத் தொடங்கிய நாள் அது. அந்த உரிமை எனக்கு எந்த ஸ்டைலைவிடவும் பெரிதாகத் தெரிகிறது.

எண்ணெய், பிச்சிப்பூ, சாஷே

சங்கப் பாடல்கள் பெண்களின் கூந்தலை ஐம்பால் என்கின்றன. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஐந்து வகையாக உரைக்காரர்கள் விரிப்பார்கள். அவற்றைக் கல்லில் பார்க்க ஆசையிருந்தால் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கும் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கும் போய்ப் பிரகாரத்துப் பாவை விளக்குகளைப் பொறுமையாகப் பாருங்கள். எல்லோரும் அவர்கள் கையிலிருக்கும் விளக்கைப் பார்ப்பார்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று கொண்டையைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பக்கமாகச் சாய்த்துக் கட்டிய கொண்டைதான்.

எங்கள் பாட்டிமார்களின் கொண்டை கிட்டத்தட்ட அதுதான். காதில் பாம்படம் தோளைத் தொட ஆடும். முடியை ஒரே கையால் அள்ளி, முறுக்கி, ஊசியோ வலையோ இல்லாமல் அதன் நுனியையே உள்ளே செருகிவிடுவார்கள். நாற்று நட்டாலும் சரி, தலையில் சுமையெடுத்தாலும் சரி, அவிழாது. அம்மாக்களின் தலைமுறையில் அது ஒற்றைச் சடையானது. மேற்குப் பக்கம் குளித்த பிறகு இரண்டு காதோரமும் மெல்லிய கற்றையாக எடுத்து நடுவில் பின்னி, மீதி முடியை உலர விட்டு நுனியில் ஒரு முடிச்சு. பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன்.

பிச்சிப்பூவைச் சொல்லாமல் இந்த மாவட்டத்துக் கூந்தலைச் சொல்ல முடியாது. தோவாளைச் சந்தை விடியும் முன்பே கூடிவிடும். ஆனால் ஒரே தெருவில் பூவின் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் 47 சதவீதம், முஸ்லிம்கள் 4 சதவீதம். ஒரு வீட்டுப் பெண் தலை நிறையப் பிச்சி வைப்பார். பக்கத்து வீட்டில் ஞாயிறு ஆராதனைக்குச் சேலைத் தலைப்பால் முக்காடு. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற வீட்டில் பூவும் இல்லை, நகையும் இல்லை. அதற்கு அடுத்த வீட்டில் தலையை மூடிய துப்பட்டா. கல்யாண அலங்காரமும் அப்படியே பிரிகிறது. ஒரு மணப்பெண்ணுக்கு ராக்கொடியும் பூச்சடையும், இன்னொரு மணப்பெண்ணுக்கு வெள்ளை நெட் நிற்பதற்காகவே உயர்த்திக் கட்டிய கொண்டை. இங்கே பியூட்டி பார்லர் வைத்திருக்கும் பெண்களுக்கு இந்த எல்லா முறையும் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுடைய கைத்திறமையை யாரும் போதுமான அளவு பாராட்டுவதில்லை.

வேலைக்குப் போகும் பெண்ணின் கொண்டை என்றால் இங்கே நர்ஸ் கொண்டைதான் முதலில் கண்ணுக்கு வரும். 1838இல் மருத்துவ மிஷன் தொடங்கிய நெய்யூர் மருத்துவமனையும், நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மி நடத்தும் கேதரின் பூத் மருத்துவமனையும் இருக்கிற மாவட்டம் இது. செவிலியர் படிப்பு இங்கே பல குடும்பங்களைத் தூக்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே தொங்கிய சடையை உருட்டிக் கறுப்பு வலைக்குள் அடக்கிக்கொண்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறிய அக்காமார் எத்தனையோ பேர். அதைக் கற்றுக்கொடுத்தது எந்த நடிகையும் இல்லை, சம்பளமும் வார்டு ஒழுங்கும்தான்.

பெண்கள் முடியை விரித்துவிட்டு வெளியே போவது அபசகுனம் என்று சொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தச் சொல்லைக் கரைத்ததில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பங்கு உண்டு. செம்பரத்தி இலையைக் கசக்கித் தாளியாக்கியோ, சீயக்காய்த் தூளைக் கரைத்தோ தலை குளிக்க ஒரு பொழுது வேண்டும். அதனால் வாரத்துக்கு ஒருமுறைதான். மீதி நாளெல்லாம் எண்ணெய்த் தலை. எண்ணெய்த் தலையை விரித்து விட முடியாது, பின்னித்தான் ஆக வேண்டும். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சாஷே எனும் சிறு பாக்கெட்டில் அடைக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு சில்லறைக் காசுக்குப் பெட்டிக்கடைகளில் தொங்கியது. பாட்டில் வாங்க வசதியில்லாத வீட்டுப் பெண்ணும் கல்லூரிக்குப் போகும் காலையில் தலை குளித்து, முடியைக் காயவிட்டு, ஒரு கிளிப் மட்டும் குத்திக்கொண்டு பஸ் ஏறினார்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெயை அம்மாக்கள் கண்மூடித்தனமாக நம்புகிறார்கள் என்று பலர் பேசுவதைக் கேட்கிறேன். 2003இல் வெளியான ஓர் ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டது. முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. அதனால் முடித்தண்டுக்குள் புகுந்துவிடுகிறது. மற்றவை மேலேயே நின்றுவிடுகின்றன. எண்ணெய் தேய்த்தால் முடி வளரும் என்பதற்கு இது சாட்சி ஆகாது. இருக்கிற முடி சிதையாமல் இருக்க உதவும் என்பது உண்மை.

இப்போது ஸ்ட்ரெயிட்னிங் காலம். மூன்று பக்கமும் கடல் என்று சொல்லத்தக்க ஊரில் இருப்பவர்களுக்கு இதன் வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது. முடி கெரட்டின் என்ற புரதம். அதன் வடிவத்தை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் விடும், காய்ந்தால் திரும்பச் சேரும். சூட்டுக் கருவியால் தேய்த்து நேராக்குவது இதைத்தான். அதனால்தான் காலையில் நேராக்கிய முடி, சங்குத்துறை பீச்சில் அரை மணி நேரம் உப்புக்காற்று பட்டதும் பழையபடி சுருண்டுகொள்கிறது. இன்னொன்று கந்தக அணுக்களுக்கு இடையிலான வலுவான பிணைப்பு. இது ரசாயனத்துக்குத்தான் உடையும். பார்லரில் நிரந்தரமாக நேராக்குவது, இதை உடைத்து, நேராக வைத்து, மறுபடி பிணைப்பது. அதுவும் இருக்கிற முடிக்கு மட்டும். தலைக்குள் இருக்கும் வேர்க்குழியின் வடிவம் மாறாது. முடி மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும், வளருவது சுருளாகவே வரும்.

கெரட்டின் ட்ரீட்மென்ட் என்ற பெயரில் விற்கப்படும் சில கலவைகளில், சூடுபட்டால் ஃபார்மால்டிஹைடு வாயு வெளிவரும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. கண் எரிவது அதற்கு ஓர் அடையாளம். வருடத்துக்கு ஒருமுறை போகிறவரைவிட, ஜன்னல் இல்லாத ஏசி அறையில் நாள் முழுக்க அதைச் சுவாசிக்கிற பார்லர் பெண்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை.

சொந்த முடி சுருட்டையாக இருந்தால் குறை என்று ஒரு தலைமுறைப் பெண்களுக்கு நாம் சொல்லிக்கொடுத்துவிட்டோம். சமீப வருடங்களில் சுருட்டை முடியை அப்படியே விட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகும் பெண்களை நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறேன். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

பந்தும் போட்டும் ஃபேடும்

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கால்பந்து என்பது விளையாட்டு மட்டுமில்லை, ஊர் மரியாதை. அங்குள்ள பையன்களின் தலையைப் புரிந்துகொள்ள சினிமா போஸ்டரைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, உலகக் கோப்பையைப் பார்க்க வேண்டும். 2002இல் பிரேசிலின் ரொனால்டோ தலை முழுக்க மழித்து நெற்றிக்கு மேல் மட்டும் கொஞ்சம் முடி விட்டிருந்தார். அதே கோப்பையில் பெக்காம், பிறகு நெய்மார். பக்கம் ஒட்ட வெட்டி நடுவில் மட்டும் முடி விடுவது அங்கே சீக்கிரம் வந்ததற்குக் காரணம் இதுதான். அந்த ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். போட்டில் சலூன் கிடையாது. திரும்பி வந்ததும் தாடியும் முடியுமாக நேரே நாற்காலிக்குத்தான்.

பக்கத்து முடியைக் கீழிருந்து மேலாகப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகிற ஃபேட் என்பது கேட்க எளிது, வெட்டக் கடினம். மின்சார மெஷினில் எண் போட்ட சீப்புகளை மாட்டுவார்கள். 1ஆம் எண் சுமார் 3 மில்லிமீட்டர், 2ஆம் எண் சுமார் 6 மில்லிமீட்டர் முடியை விடும். காதுக்குக் கீழே தோல் தெரிய ஆரம்பித்து, எங்கே ஒன்று முடிந்து எங்கே இரண்டு தொடங்குகிறது என்று கோடு தெரியாமல் மேலேற்ற வேண்டும். உச்சியில் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமல் வெட்டினால் அந்த இடம் மட்டும் முள்ளாக நிற்கும். போனில் ஒரு படத்தைக் காட்டி இதேபோல் வேண்டும் என்று கேட்கிற பையனிடம், “இந்தத் தலைக்கு அது வராது மக்கா” என்று நேர்மையாகச் சொல்கிறவரே நல்ல கைக்காரர்.

இதன் கணக்கையும் பாருங்கள். அப்பா சொன்ன கிராப்பு ரெண்டு மாதம் தாங்கும். ஃபேட் இரண்டு வாரத்தில் மங்கிவிடும், ஏனென்றால் அரை சென்டிமீட்டர் வளர்ந்தாலே அந்த 3 மில்லிமீட்டர் அழகு போய்விட்டது. எழுபதுகளின் நீள முடி சலூனைப் பட்டினி போட்டது என்றால், இன்றைய ஃபேட் அதை வாழ வைக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் மாவட்டம் முழுக்கச் சலூன்களில் இடமிருக்காது. மறுநாள் கோயில், சபை, கல்யாணம்.

பள்ளிகள் இன்னும் விடவில்லை. புள்ளிங்கோ கட்டிங் என்று பெயர் வைத்து, அப்படி வெட்டி வந்த பையன்களை வாசலிலேயே நிறுத்துகிறார்கள். மாணவர்களுக்கு இப்படி வெட்டாதீர்கள் என்று சலூன்காரர்களிடம் தலைமையாசிரியர்கள் கேட்டுக்கொண்ட செய்திகள் தமிழ்நாட்டில் பல தடவை வந்துவிட்டன. ஒழுங்கு வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் பதினைந்து வயதுப் பையனைச் சக மாணவர்கள் முன்னால் நிறுத்தி அவன் முடியை வெட்டிவிடுவது ஒழுங்கு இல்லை, அவமானம். ஒரு காலத்தில் நம் முன்னோர்கள் எதை எதிர்த்தார்களோ அதன் சாயல் அதில் இருக்கிறது.

தொழில் செய்கிறவர்களும் மாறிவிட்டார்கள். நாவிதர் குடும்பத்துப் பிள்ளைகள் படித்து ஆசிரியராகவும் இன்ஜினியராகவும் போனார்கள். போக வேண்டியதுதான். அந்தத் தொழிலோடு ஒட்டியிருந்த வசைச் சொல்லை எத்தனை தலைமுறை தாங்குவது? தொழிலில் பணமும் ஏசியும் வந்த பிறகு, மற்ற சாதியினரும் முதல் போட்டு யூனிசெக்ஸ் சலூன் திறக்கிறார்கள். சாதித் தொழில் என்ற பூட்டு உடைந்தது நல்லது. ஆனால் இழிவைச் சுமந்தவர்களில் பலர் லாபம் வரும் காலத்தில் அங்கே கூலிக்கு நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாற்காலிக்குப் பின்னால் இப்போது நிற்பவர் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இளைஞர். போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் பத்து வயதுப் பையன். உயரம் ஏற்றும் நாற்காலி என்பதால் பலகை தேவைப்படவில்லை. அவன் அம்மா பின்னால் பெஞ்சில் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வெட்டியவர் பீகார்க்காரர். மெஷினை நிறுத்தி, பின்னால் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்து, பையனுக்குப் பிடரியைக் காட்டினார். இந்த எல்லைக்கே உரிய மலையாளம் கலந்த தமிழ் அவர் வாயில் நன்றாகவே வந்தது.

“மதியா தம்பி, இன்னும் கொறைக்கணுமா?”

பையன் தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தான், வலப்பக்கம் திருப்பிப் பார்த்தான். “சைடு மட்டும் கொஞ்சம்” என்றான்.